ஏசி போட்டு உளுந்து அடித்தவர்

கிருமாம்பாக்கம் கண்ணையனுக்கு மூன்று காணி கரும்பு, இரண்டு காணி நெல், நெல் அறுத்த கையோடு தெளிக்கிற உளுந்து, ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு கார். நான் சொல்கிற வரிசை இது. அவரைக் கேட்டால் காரிலிருந்துதான் ஆரம்பிப்பார், மற்றதெல்லாம் நேரமிருந்தால் வரும்.

புதுச்சேரியில் யாரோ ஓய்வு பெற்ற அதிகாரி ஒன்பது வருடம் ஓட்டிக் கழித்த கார் அது. கண் பார்வை மங்கிவிட்டதால் விற்கிறேன் என்றாராம் அதிகாரி. "அவருக்குக் கண்ணு தெரியாம வித்தாரு, உங்களுக்குக் கண்ணு தெரியாம வாங்கினீங்க" என்றாள் விருத்தாம்பாள். முப்பது வருடமாக அவருக்கு வாழ்க்கைப்பட்டதில் அவள் சம்பாதித்துக்கொண்ட ஒரே உரிமை இப்படிப் பேசுவதுதான்.

கார் வந்த நாளிலிருந்து வெயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கண்ணையனுக்கு அற்பமாகத் தெரிந்தார்கள். மூன்று தெரு தள்ளியிருக்கிற உரக்கடைக்குக்கூடக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டுதான் போவார். வழியில் யாராவது கும்பிட்டால் உள்ளேயிருந்தே தலையை ஆட்டுவார், என்ன சொன்னார்கள் என்று கேட்கமாட்டார். "நம்ம வண்டியில அஞ்சு நிமிஷம் ஏசி ஓடினா ஸ்வெட்டர் தேடணும்பா" என்று டீக்கடையில் சொல்லுவார். பிறந்ததிலிருந்து ஸ்வெட்டரை அவர் தொட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது.

மகள் செல்வகுமாரியை வில்லியனூரில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்குச் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நிச்சயதார்த்தத்தின்போது கண்ணையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா மகாலட்சுமியிடம், "எங்க பொண்ணுக்கு வேர்வன்னா இன்னான்னே தெரியாது சம்மந்தியம்மா, ஏசி கார்லயே வளந்த பொண்ணு" என்று சொல்லிவைத்தார். கார் வாங்கியே அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் கடலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போன பெண் அவள். அப்பா சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது, கல்யாணப் பெண் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து, இந்தப் பங்குனியில், செல்வகுமாரிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் உளுந்து அறுப்பு.

செடியைப் பிடுங்கிக் காயவைத்து, பாகூர் போகிற தார் ரோட்டில் பாதி அகலத்துக்குப் பரப்பிவிட்டால் போதும். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தே காய் வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும். அரசாங்கம் ரோடு போட்டதே இதற்குத்தான் என்று அந்தப் பக்கத்தில் நம்பாதவர்கள் குறைவு. ஆனால் அன்றைக்கு என்னவோ லாரிகள் வரவில்லை. பைக்கில் வந்தவர்கள் வழுக்கும் என்று ஒதுங்கிப் போனார்கள். கண்ணையன் ரோட்டோரம் நின்று, "மேல ஏத்திப் போப்பா, மேல ஏத்து" என்று ஒவ்வொருவரிடமும் கையை ஆட்டிக் கெஞ்சினார். வெயில் மண்டையைப் பிளந்தது. டிராக்டருக்குச் சொல்லியனுப்பலாம் என்றாள் விருத்தாம்பாள். சொந்தமாக நாலு சக்கரம் வைத்திருக்கிறவன் எதற்கு அடுத்தவன் சக்கரத்தைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த வீட்டில் யோசனை என்று ஒன்று வந்தால் அது இப்படித்தான் வரும்.

காரை எடுத்துவந்தார். கண்ணாடியை ஏற்றினார். ஏசியை முழுதாகத் திருகிவைத்தார். முதல் கியரில் உளுந்துச் செடிமேல் போனார், திருப்பினார், வந்தார். இரண்டு மணி நேரம் இது நடந்தது. விருத்தாம்பாள் வெயிலில் நின்று கழியால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். சருகும் தூசும் காரின் முன்பக்கத்தையே மறைக்கிற மாதிரி பறந்தன. "ஏங்க, குப்பையெல்லாம் உள்ள போவுது, வண்டிக்கு ஆவுமா?" என்று அவள் கத்தினாள். கண்ணாடிக்கு உள்ளே இருந்தவருக்கு வாயசைவு மட்டும்தான் தெரிந்தது. பாராட்டுகிறாள் என்று நினைத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துலயே ஏசியில ஒக்காந்து உளுந்து அடிச்ச மொத ஆளு நான்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தூசு படிந்த காரைத் தினமும் காலையில் பைப்பைப் பிடித்துக் கழுவினார். அந்தப் பெருமை வளைகாப்பு நாள் வரைக்கும் தாங்கியது.

அன்றைக்கு முன் சீட்டில் விருத்தாம்பாள், பின்னால் அவளுடைய நாத்தனார்கள் மூன்று பேர், எல்லோர் மடியிலும் சீர்த்தட்டு. கரிக்கலாம்பாக்கம் கடைத்தெருவில் கார் நெரிசலில் நின்றது. அதுவரைக்கும் சுமாராகக் குளிர்ந்துகொண்டிருந்த ஏசி, நின்ற இரண்டாவது நிமிடம் அடுப்படிக் காற்றாக வீச ஆரம்பித்தது. கண்ணையன் பட்டனைத் திருகினார், தட்டினார், காற்று வருகிற துளையில் வாயை வைத்து ஊதினார். கண்ணாடியை இறக்கலாமா என்று நாத்தனார் கேட்டதற்கு, "இறக்கினா இருக்கிற குளுரும் போயிடும்" என்றார். இல்லாத குளிரைக் காப்பாற்றிக்கொண்டு நான்கு பெண்களும் வில்லியனூர் போய்ச் சேர்ந்தபோது பவுடர் வழிந்து ரவிக்கைக்கு வந்திருந்தது. பூப்போல அடுக்கிவைத்த சாக்லேட் தட்டு கூழாகியிருந்தது.

மகாலட்சுமி எல்லாவற்றையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, ஐந்து வகைச் சோறும் பரிமாறி முடிந்தபிறகு கண்ணையனைத் தனியாக அழைத்தாள்.

"ண்ணா, வளையல் போட்ட அன்னைக்கே பொண்ண கூட்டினு போறதுதான் முறை. நான் இல்லங்கல. ஆனா போன வாரம் வெயில்ல மயக்கம் போட்டு வுழுந்துடுச்சு. சூட்டுல அலைய வுடாதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்களே சொல்லிகிறீங்க, ஏசியில வளந்த பொண்ணுன்னு. வண்டிய சரி பண்ணினு வாங்க, நானே ஏத்தி வுடறேன். ஆனா எட்டாம் மாசம் பொறந்துட்டா வாசப்படி தாண்ட வுடமாட்டேன். அப்புறம் பிரசவம் இங்கதான்."

எட்டாம் மாதத்தில் கர்ப்பிணியை வழி அனுப்புவதில்லை என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்த வழக்கம். அதற்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. விருத்தாம்பாள் தலைப்பிரசவத்துக்கு மகள் வருவாள் என்று உள்ளறைக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டு, மின்விசிறி மாட்டி வைத்திருந்தாள். பேரப்பிள்ளையை முதலில் தான்தான் கையில் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவருக்கும் அதே ஆசைதான். ஆனால் ஆசையைச் சொல்ல அவருக்கு வராது, ஏசியைப் பற்றித்தான் பேச வரும்.

மறுநாளே கடலூர் ரோட்டில் குணா கடைக்குப் போனார். குணா உண்மையில் பைக் மெக்கானிக். கார் வந்தாலும் திருப்பி அனுப்புகிற பழக்கம் அவனுக்கு இல்லை. பானெட்டைத் திறக்காமலே, "கேஸ் போச்சு மாமா" என்றான்.

"பாக்காமயே சொல்ற?"

"ஏசியில வேற இன்னா மாமா போவும்? கேஸ்தான் போவும்."

கேஸ் ஏற்றினான். கடலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் காற்று சில்லென்று வந்தது. கண்ணையன் பூரித்துப்போய் வீட்டு வாசலில் நிறுத்தி, விருத்தாம்பாளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் சுட ஆரம்பித்தது. "நீ ஒக்காந்தாதான் இப்பிடி ஆவுது" என்றார். மறுபடி குணா. "லீக்காவுது மாமா, இன்னும் கொஞ்சம் ஏத்துவோம்." இன்னும் கொஞ்சம் ஏற்றினான். இப்போது ஓடும்போதும் சுட்டது. மூன்றாம் தடவை போனபோது குணா நெற்றியைச் சொறிந்துகொண்டு, "கம்ப்ரசரே போச்சு மாமா" என்றான். போனதெல்லாம் குணாவுக்குத் தெரிந்தது, ஏன் போனது என்பது மட்டும் தெரியவில்லை.

டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. வெளிநாட்டு மிஷினுக்கு நம்ம ஊர் வெயில் ஒத்துக்கொள்ளாது என்றார் ஒருவர். வண்டியைக் கிழக்கே பார்த்து நிறுத்தச் சொன்னார் இன்னொருவர். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவர், ஏசி பில்டரைக் கழற்றி வெந்நீரில் ஊறவைக்கச் சொன்னார். கண்ணையன் எல்லாவற்றையும் செய்தார். கண் திருஷ்டி என்று ஒரு கிழவி சொன்னதற்காகப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். அதன் துண்டு ஒன்று தெறித்துப் பக்கத்து வீட்டு நாய்மேல் விழுந்ததுதான் பலன். வைத்தியம் கேட்ட இடத்திலெல்லாம் உளுந்தைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை. மறைத்தார் என்று சொல்ல முடியாது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நிஜமாகவே அவருக்குத் தோன்றவில்லை, அவர் பெருமையைக் கேட்டிருந்தவர்களுக்கும் தோன்றவில்லை. விருத்தாம்பாள் குப்பையை நினைவுபடுத்தியபோதும், "குப்பைக்கும் குளுருக்கும் இன்னாடி?" என்று தள்ளிவிட்டார்.

இதற்கிடையில் காலை ஆறு மணிக்கெல்லாம் செல்வகுமாரியிடமிருந்து போன் வரும். வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்பாள், என்ன பதில் சொல்வது? வீட்டிலிருக்கிற அந்த ஒரே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கழனிப் பக்கம் நடந்துவிடுவார். அது அடித்து அடித்து ஓய்ந்துபோகும். சாயங்காலம் விருத்தாம்பாள் பேசும்போது, "நான் இல்லன்னு சொல்லு" என்று கையால் ஜாடை காட்டுவார். அந்த நேரத்தில் மகாலட்சுமியும் பக்கத்தில்தான் இருப்பாள் என்பதால் தாயும் மகளும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் போகமாட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் விருத்தாம்பாளுக்குப் பொறுமை போயிற்று.

"ஏங்க, ஒரு வாடகைக் கார வச்சினு போயி புள்ளய கூட்டினு வந்துடலாம்."

"என் பொண்ண வாடகைக் கார்ல கூட்டினு வரவாடி நான் கார் வாங்கினேன்? சம்மந்தியம்மா இன்னா நெனைப்பாங்க?"

"நீங்க கார் வாங்கினது எதுக்குன்னு எனக்குத் தெரியல. நான் புள்ள பெத்தது எதுக்குன்னு தெரியும். அது வரலன்னா நான் பஸ் ஏறிப் போயி அங்கயே இருந்துக்கறேன், நீங்க கார்ல படுத்துக்குங்க."

அன்றிரவு இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணையன் பயந்துபோனார் என்றே சொல்ல வேண்டும். மகள் வராமல் போவதோடு மனைவியும் போய்விடுவாள் போலிருந்தது.

பதினாறாம் நாள்தான் யாரோ சொல்லி வில்லியனூரிலேயே ஏசி வேலை மட்டும் பார்க்கிற சேவியர் பட்டறைக்குப் போனார். சம்பந்தி வீட்டுத் தெருவைத் தாண்டும்போது யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். வில்லியனூரில் அந்தக் காரை அடையாளம் தெரியாதவர்கள் யாரும் இல்லை என்பதை அவர் மறந்துவிட்டார்.

சேவியர் அதிகம் பேசாத ஆள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ண்ணா, மொதல்ல வந்தப்ப, ஓடும்போது குளுந்துச்சா, நிக்கும்போது சுட்டுச்சா?"

"ஆமாம்பா, அதான் வந்த நோவு."

சேவியர் என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, ஒரு பக்கெட் தண்ணீரைக் காரின் முன்பக்கக் கம்பி வலை வழியாக மெதுவாக ஊற்றினார். உள்ளே கையை வைத்திருந்த கண்ணையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுட்டுக்கொண்டிருந்த காற்று சில்லிட்டது. குணா மூன்று தடவை செய்ய முடியாததை ஒரு பக்கெட் தண்ணீர் செய்துவிட்டது.

"கேஸும் போவல, கம்ப்ரசரும் போவல" என்றார் சேவியர். "சூட்ட வெளிய தள்றதுக்கு, வண்டி முன்பக்கத்துல வலை மாதிரி ஒரு ஜாலி இருக்குது. அதுக்குக் காத்து போவல. வேகமா ஓடினா கொஞ்சம் காத்து உள்ள பூரும், நின்னா அதுவும் இல்ல. தண்ணி ஊத்தினதும் அது குளுந்துச்சு, ஏசியும் குளுந்துச்சு. இதுல எவனோ கேஸ வேற ரெட்டிப்பா ஏத்தி வச்சிருக்கான்."

முன் பம்பரைக் கழற்றினார். கண்ணையன் எட்டிப் பார்த்தார். ஜாலி என்று சேவியர் சொன்னதைக் காணவில்லை, அங்கே வைக்கோல் போர் போல ஒரு குவியல் இருந்தது. உளுந்துச் சருகு, காய்த்தோல், காம்பு, தூசு எல்லாம் சேர்ந்து மெத்தையாக அப்பியிருந்தன. காற்றாடியின் அச்சில் ஒரு முழுச் செடியே சுற்றிக் கிடந்தது. அது மட்டுமென்றால் பரவாயில்லை. தினமும் பைப் வைத்துக் கழுவினாரே, அந்த ஈரத்துக்கு, பம்பரின் அடித்தட்டில் தேங்கிய உளுந்து முளைவிட்டு இரண்டு இலை விரித்து நின்றது. வயலில்கூட அவருக்கு அவ்வளவு சீராக முளைத்ததில்லை.

சேவியர் முளையை விரலால் தொட்டுப் பார்த்தார். "எத்தினி நாளு பயிருண்ணா இது?"

"ரோட்ல எவனோ உளுந்து காயப் போட்டிருந்தான்பா" என்றார் கண்ணையன். "அறிவு கெட்டவனுங்க."

"ஒரு தபா ஏறினதுக்கு இவ்ளோ வராதுண்ணா. ஒரு நூறு தபா ஏறினாத்தான் வரும்."

சேவியர் காற்றடித்து, தண்ணீர் பீய்ச்சி, பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகச் சுத்தம் செய்து, அதிகப்படி கேஸை இறக்கிச் சரியான அளவுக்கு வைத்தார். கடைசியில் வழித்தெடுத்த உளுந்தை ஒரு பழைய பேப்பரில் மடித்து முன் சீட்டில் வைத்தார். இரண்டு இட்லிக்குக் காணும்.

பதினேழாம் நாள் காலை கண்ணையன் வில்லியனூர் போய் இறங்கியபோது அவர் நடையே வேறு. மகாலட்சுமியும் லேசுப்பட்டவள் அல்ல. காரைத் தெருவில் வெயிலில் நிற்கவைத்து, பின் சீட்டில் தானே ஏறி உட்கார்ந்து, கால் மணி நேரம் பார்த்தாள். நடுவில் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கண்ணையனுக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. "ஸ்வெட்டர் எடுத்தாரட்டுமா சம்மந்தியம்மா?" என்று கேட்டும்விட்டார்.

செல்வகுமாரி மஞ்சள் பூசிய முகத்தோடு, இரண்டு கை வளையலும் குலுங்க வந்து ஏறினாள். மகாலட்சுமி அவள் தலையைத் தடவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். கார் கிளம்பியது. கண்ணையன் ஏசியை இன்னும் ஒரு திருகு கூட்டி வைத்தார். இவ்வளவு குளிர்ச்சியில் மகளை அழைத்துப்போகிற அப்பன் கிருமாம்பாக்கத்தில் எத்தனை பேர் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். ஒருவரும் கிடைக்கவில்லை.

மங்கலம் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யப்பா, வண்டிய ஓரங்கட்டு."

அவர் காரை மரத்தடியில் நிறுத்தித் திரும்பினார். "இன்னாம்மா, வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. அந்த ஏசிய அமத்து. மசக்க வந்ததுலருந்து அந்த வாட எனக்கு ஆவல, வயித்தப் பொரட்டுது. அத்த வூடு தாண்டட்டும்னு மூச்சப் புடிச்சினு இருந்தேன்."

அமர்த்தினார். செல்வகுமாரி கண்ணாடியை முழுதாக இறக்கி, முகத்தை வெளியே நீட்டி, பங்குனி வெயிலின் காற்றை ஆழமாக இழுத்தாள். வெளிறியிருந்த முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் வந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

"சொல்லத்தான தெனம் காலையில போன் பண்ணேன். ஏசியில வளந்த பொண்ணுன்னு நீ சொல்லி வச்சிருக்க, அத்த எதிர்ல சொல்ல முடியுமா? அவங்க பால் சொசைட்டிக்குப் போற நேரம் பாத்து பண்ணேன். ஒரு நாளாச்சும் எடுத்தியா நீ?"

கண்ணையன் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

"அத்தயும் கெட்டவங்க இல்லப்பா, பயந்துட்டாங்க. நீ வந்து, என் பொண்ண நான் கூட்டினு போறேன், பாத்துக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அனுப்பியிருப்பாங்க. சாயங்காலமா ஒரு பஸ்ஸுல வந்திருப்பேன். பதினேழு நாளா பையக் கட்டி வச்சினு வாசலையே பாத்துனு கெடந்தேன். போனும் எடுக்கலையா, அப்பாவுக்கு என்னக் கூட்டினு போவ இஷ்டமில்ல போலருக்குன்னு நெனச்சிட்டேன்."

அவள் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள், அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. இதுவரைக்கும் ஊரில் யார் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்க அவரிடம் ஏதாவது இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது. கண் கலங்கியதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்புதாம்மா" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் அது சரியாக வாயில் வரவில்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"செரி வுடு. வண்டிய எடு, அம்மா காத்துனு இருக்கும்."

கண்ணையன் தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக் காரை எடுத்தார். கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் குழிகளைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கி மெதுவாக ஓட்டினார். பின்னால் மகள் ஜன்னலில் கையை வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். காற்று சூடாகத்தான் அடித்தது.